ஒற்றைப் பட்டன்

கோட்டில் இரண்டு பட்டன் இருந்தால் கீழே உள்ளதைப் போடக் கூடாது என்பது பழைய வழக்கம். மூன்று இருந்தால் நடுவில் உள்ளதைப் போட்டாலே போதும். எத்தனை வைத்துத் தைத்தாலும் கோட்டைப் பிடித்து நிறுத்துவது இடுப்பருகே உள்ள அந்த ஒன்றுதான். அது மட்டுமே இருக்கும் கோட்டின் மேல் எனக்குத் தனிப் பிரியம். பார்ட்டிக்கு மட்டும்தான் அது சரிப்படும் என்று பலர் ஒதுக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

லண்டனில் தையல்கடைகளுக்குப் பேர்போன சாவில் ரோ தெருவில் 11ஆம் எண், ஹன்ட்ஸ்மன் கடை. 1849இல் ஆரம்பித்தது. குதிரைச் சவாரி உடைகளுக்குப் பெயர் வாங்கிய அந்தக் கடைக்கு இன்று அடையாளமே ஒற்றைப் பட்டன் கோட்தான். சவாரிக் கோட்டும், இரவு விருந்துக்குப் போடும் டின்னர் ஜாக்கெட்டும் சேர்ந்து பிறந்த வடிவம் அது. விறைப்பான தோள். கையைத் தூக்கினாலும் கோட் கூடவே மேலேறாதபடி அக்குளை ஒட்டிய வெட்டு. இடுப்பில் ஒடுங்கி, அதற்குக் கீழே லேசாக விரியும். ஹாலிவுட் நடிகர் கிரிகரி பெக் பல பத்தாண்டுகள் அங்கேதான் தைத்துக்கொண்டார்.

இந்தக் கோட்டில் எல்லாமே பட்டன் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. தொப்புளுக்குச் சற்று மேலே, உடம்பு இயல்பாக ஒடுங்கும் இடம்தான் அதற்குச் சரி. ஓர் அங்குலம் இறங்கினால் உடம்பு நீண்டு கால் குட்டையாகத் தெரியும். ஏறிவிட்டால் நெஞ்சைப் பிடித்ததுபோல் ஆகிவிடும். இழுப்பு முழுவதையும் ஒரே பட்டன் தாங்குவதால், கோட் இறுக்கம் என்றால் அதைச் சுற்றிப் பெருக்கல் குறிபோலச் சுருக்கம் விழும். உட்காரும்போது பட்டனைக் கழற்றிவிடச் சொல்வதும் இதனால்தான்.

பட்டன் ஒன்றே என்பதால் காலர் மடிப்பு நீளமாக இறங்கி வரும். நெஞ்சில் விழும் அந்த நீண்ட ‘வி’ வடிவம் குள்ளமானவர்களையும் கொஞ்சம் உயர்த்திக் காட்டும். மடிப்பு தட்டையாகப் படியாமல் வளைந்து புரள வேண்டும். அந்த வளைவைத் தருவது உள்ளே கையால் தைத்துச் சேர்க்கும், குதிரைமயிர் கலந்த கேன்வாஸ். விலை மலிவான கோட்டுகளில் அதற்குப் பதில் பசைத்துணியை வைத்து ஒட்டிவிடுகிறார்கள். நாளடைவில், டிரை கிளீனிங் போய்வரப் போய்வர, பசை விட்டுத் துணி கொப்புளம் கொப்புளமாக எழும்பக்கூடும். வாங்கும்போது பட்டனுக்குக் கீழே முன்பக்கத் துணியை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். மேல்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று தனியே நழுவினால் அது கேன்வாஸ்.

காலர் முனை மேல்நோக்கிக் கூராக நிற்பது டின்னர் ஜாக்கெட்டில் வழக்கம். ராத்திரிக்கு அழகு. பகலில் ஆபீசுக்கு என்றால் சாதாரண வெட்டுக் காலரே போதும் என்பேன்.

நம் ஊர்க் கல்யாண ரிசப்ஷன்களில் என் கண்ணை உறுத்துவது கோட் அல்ல, பேன்ட். பட்டனுக்குக் கீழே கோட் இரு பக்கமும் விலகிப் போகும். பேன்ட் இடுப்புக்குக் கீழே இறங்கி நின்றால் அந்த இடைவெளியில் சட்டை வெள்ளை முக்கோணமாக எட்டிப் பார்க்கும். டை நுனியும் தொங்கும். எவ்வளவு நல்ல கோட்டையும் இது கெடுத்துவிடும். ஒற்றைப் பட்டன் கோட்டுக்குப் பேன்ட் இடுப்பிலேயே நிற்க வேண்டும்.

ஆகவே தைக்கக் கொடுப்பவர்கள் டிரையலுக்குப் போகும்போது, அந்தக் கோட்டோடு போடப்போகும் பேன்ட்டையும் ஷூவையும் போட்டுக்கொண்டே போங்கள். கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று, பட்டன் வரும் இடத்தைச் சாக்கால் குறிக்கச் சொல்லுங்கள். திருப்தி இல்லையென்றால் அங்கேயே மாற்றிக் குறிக்கச் சொல்லுங்கள். காஜா வெட்டிவிட்டால் அதைப் பிறகு நகர்த்த முடியாது.