வேலை முடிஞ்சாச்சு, கூலி எங்கே?

"முதல்ல வேலையை முடிங்க தம்பி, பணம் எங்கே போயிடும்?" வீட்டில் இருந்தபடி ஆன்லைனில் டிசைன், டைப்பிங், கணக்கு வேலை செய்து கொடுக்கும் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. வேலை கைக்குப் போனதும் போனை எடுக்க ஆளில்லை!

ஏமாறாதீர்கள். முதல் வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே மத்திய அரசின் 'உத்யம்' தளத்தில் தொழிலைப் பதிவு செய்யுங்கள். காலணா செலவில்லை. 2006-ம் ஆண்டு சிறுதொழில் சட்டப்படி, வேலை வாங்கிய உள்நாட்டு கம்பெனி 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் விகிதத்தைப்போல் 3 மடங்கு கூட்டு வட்டி!

ஆர்டரை எழுத்தில் வாங்குங்கள். பாதிப் பணம் அட்வான்ஸ் கேளுங்கள்.

"கேட்டா கஸ்டமர் ஓடிருவாரே" என்கிறீர்களா? அட்வான்சுக்கே ஓடுகிறவர், பில்லுக்கா நிற்கப் போகிறார்?