மருந்துக்கு வெளியே ஆகும் செலவு

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் இதழில் வந்த மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக் கட்டுரை பயனுள்ளது. ‘தொடக்கத்திலேயே கண்டறியுங்கள்’ என்ற அறிவுரை சரிதான். கண்டறிந்த பிறகு ஒரு குடும்பம் படும் பாட்டையும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்.

என் தம்பி மனைவிக்கு 34 வயதில் இந்த நோய் வந்தது. அவளுடைய சின்ன மகனுக்கு அப்போது இரண்டு வயது. அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் முடிந்தன, அதற்கு நன்றி. ஆனால், 21 நாளுக்கு ஒருமுறை தென்காசியிலிருந்து மதுரைக்குப் போய்வந்த செலவு, கதிர்வீச்சு சிகிச்சை நடந்த வாரங்களில் எடுத்த அறைக்கு வாடகை, தம்பி இழந்த தினக்கூலி ஆகியவற்றுக்கு அந்தக் காப்பீட்டு அட்டை உதவவில்லை. அவள் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போனது. புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு என்பதே, நான்காவது கீமோவின்போது பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

நோய் உறுதியாகும் அன்றே, கிடைக்கும் உதவிகள் அனைத்தையும் ஒரே தாளில் தமிழில் அச்சிட்டு மருத்துவமனைகள் நோயாளியின் கையில் கொடுக்க வேண்டும். ரயில் கட்டணச் சலுகைக்கான சான்றிதழையும் அப்போதே தந்துவிடலாம். காப்பீட்டில் பயணப்படியும் சேர்க்கப்பட வேண்டும். உறவினர்களும் ஆப்பிள், ஹார்லிக்ஸோடு பார்க்க வருவதைவிட, கீமோ நாளில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்து சோறு போட்டால் அந்தத் தாய்க்கு அதுவே பேருதவி.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தென்காசி.