கடை வாசலில் தொங்கும் ஒயர் யார் பொறுப்பு?



தீபாவளி நெருங்கினால் நம் புதியம்புத்தூர் களைகட்டி விடுகிறது. ரெடிமேடு துணியால் 'குட்டித் திருப்பூர்' என்று பெயர் வாங்கிய ஊர் இது. துணி எடுக்க வருகிற கூட்டத்தால் மளிகை, பாத்திரம், பலசரக்கு என்று நமக்கும் நாலு காசு கிடைக்கிறது. கூட்டம் வந்தால் வெளிச்சம் வேண்டும். உடனே மாடிச் சுவரிலிருந்து ஒரு ஒயர், தகரக் கூரையில் ஒரு கட்டு, வேப்பமரக் கிளையில் ஒரு சுற்று, அதன் நுனியில் டியூப் லைட். ஒட்டுக்கு ஒட்டு டேப். 'பத்து நாளைக்குத்தானே' என்று கட்டிய ஒயர் அடுத்த தீபாவளிக்கும் அங்கேயே தொங்கும்.

அடுத்தவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. என் கடையிலேயே நடந்தது. சில வருடங்களுக்கு முன் ஐப்பசி மாதம், லேசான தூறல். வாசல் தகரத்தைத் தாங்கும் இரும்புக் குழாயை ஒட்டி லைட்டுக்கு ஒயர் இழுத்திருந்தேன். காற்றில் ஆடி ஆடி, தகர விளிம்பு ஒயரின் தோலை அறுத்திருக்கிறது. சீனி மூட்டை இறக்க வந்த தொழிலாளி, மூட்டை முதுகில் இருக்க, ஒரு கையால் அந்தக் குழாயைப் பிடித்தார். அடுத்த நொடி மூட்டையும் ஆளுமாகக் கீழே விழுந்தார்கள். விழுந்ததால் கை விடுபட்டது; பிழைத்தார். மூன்று பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு உள்ளே போய்ப் பார்த்தேன். பியூஸ் போகவில்லை. கடையில் எல்லா விளக்கும் ஒன்றும் நடக்காததுபோல எரிந்துகொண்டிருந்தன.

பியூஸ் ஏன் போகவில்லை என்பது அன்று எனக்குப் புரியவில்லை. பிறகு விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார்: 'அண்ணாச்சி, பியூஸ் ஒயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது, ஆளைக் காப்பாற்ற இல்லை.' 5 ஆம்பியர் பியூஸ், அதற்கும் மேலே நன்றாக மின்சாரம் பாய்ந்தால்தான் உருகும். மனித இதயத்தை நிறுத்த 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே ஆபத்து. அது 5 ஆம்பியரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நம் தொழிலாளி செத்துக் கிடந்தாலும் அந்தப் பியூஸுக்குத் தெரியாது.

'எர்த் இருக்கிறதே' என்பீர்கள். நம்முடையது கரிசல் மண். மழையில் பிசுபிசுவென்று ஒட்டும். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். எர்த் கம்பியைச் சுற்றியிருக்கும் மண்ணும் அப்படித்தான் சுருங்கி விலகுகிறது. பங்குனி, சித்திரையில் அந்தக் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிற கடைக்காரர் நம்மில் எத்தனை பேர்? போதாக்குறைக்கு, நியூட்ரல் கிடைக்கவில்லை என்று எர்த்திலிருந்தே லைன் எடுத்துக் கொடுக்கிற எலெக்ட்ரீஷியன்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட வேண்டும்.

ஆளைக் காப்பாற்ற வேறு கருவி இருக்கிறது. ஆர்.சி.சி.பி. என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், கண் இமைக்கும் நேரத்தில் லைனை வெட்டிவிடும். விலை சுமார் இரண்டாயிரம் ரூபாய். மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு விதிமுறைகள் இதை வலியுறுத்தின; அவற்றுக்குப் பதிலாக வந்த 2023 விதிமுறைகளும் வலியுறுத்துகின்றன. மாட்டிய சிலரும் 'அடிக்கடி விழுகிறது, வியாபாரம் கெடுகிறது' என்று கழற்றி விடுகிறார்கள். அது விழுகிறதென்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைத் தேடாமல் கருவியைக் கழற்றுவது, நாய் குரைக்கிறதென்று நாயை விரட்டிவிட்டுத் திருடனை விட்டுவைப்பதுதான்.

இன்னொரு விஷயம், சொல்லச் சங்கடமானது. வாசலில் காய்கறி, பூ, பொரி விற்கிறவர் வந்து, 'அண்ணாச்சி, ஒரு பல்புக்கு மட்டும் லைன் குடுங்களேன்' என்பார். மறுக்க மனம் வராது, நானும் கொடுத்திருக்கிறேன். ஆனால் நம் இணைப்பிலிருந்து வேறு இடத்துக்கு மின்சாரம் கொடுப்பது 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு. கணக்கெடுத்தால் இரண்டு மடங்கு கட்டணம். பணம் போனால் போகட்டும். அந்த ஒயரை மிதித்துப் போகிற குழந்தைக்கு ஏதாவது நேர்ந்தால் யார் பதில் சொல்வது? மீட்டர் வரைக்கும்தான் மின்வாரியம். அதற்கு அப்பால் ஒவ்வொரு முழ ஒயரும் நம் பொறுப்பு. உதவ நினைப்பவர்கள் சார்ஜ் செய்கிற எல்.இ.டி. விளக்கு ஒன்றை வாங்கிக் கொடுக்கலாம். ஒயர் இல்லாத உதவி.

ஒரு கடையின் தீ ஒரு கடையோடு நிற்பதில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 2018 பிப்ரவரி 2 இரவு கிழக்குக் கோபுரம் பக்கம் கடைகளில் பற்றிய தீ, முப்பதுக்கும் மேற்பட்ட கடைகளை எரித்தது; வீரவசந்தராயர் மண்டபமும் சேதமானது. மின்கசிவு என்று அப்போது பேசப்பட்டது. (பத்திரிகைகள் எந்தத் தீக்கும் மின்கசிவு என்றே எழுதிவிடுகின்றன, அது வேறு கதை.) காரணம் எதுவானாலும், தலைமுறையாகக் கோயிலுக்குள் வியாபாரம் செய்த, தீப்படாத கடைக்காரர்களும் இடத்தைக் காலி செய்ய வேண்டியதாயிற்று.

'இன்சூரன்ஸ் இருக்கிறது' என்று தைரியமாக இருப்பவர்கள் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். வழக்கமான தீ பாலிசிகளில், ஷார்ட் சர்க்யூட்டால் கெட்டுப்போன அந்த மின்கருவிக்கே இழப்பீடு இல்லை. அதிலிருந்து பரவிய தீயில் எரிந்த சரக்குக்கு உண்டு. அதிலும் உரிய கவனத்தோடு இருந்தீர்களா என்ற கேள்வி வரும். ஜன்னல் வழியே வந்த டேப் சுற்றிய ஒயரைக் காட்டி என்ன பதில் சொல்லப் போகிறோம்?

நம் சங்கத்திடம் என் கோரிக்கை இதுதான். புரட்டாசியில், மழைக்கும் தீபாவளிக்கும் முன்னதாக, லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் ஒருவரை அமர்த்தி வீதி முழுக்கக் கடை வாசல்களைப் பார்க்கச் சொல்ல வேண்டும். செலவைச் சந்தாவிலிருந்து எடுக்கலாம். மொத்தமாக வாங்கினால் கருவியும் விலை குறைந்து கிடைக்கும். நம் பக்கத்து மழையை நம்ப முடியாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். கம்பத்திலோ சர்வீஸ் ஒயரிலோ கோளாறு என்றால் நாமே ஏணி வைத்து ஏற வேண்டாம். மின்னகம் 94987 94987 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

கருவி மாட்டியவர்கள் மாதம் முதல் தேதி கடை திறந்ததும் அதிலுள்ள 'டெஸ்ட்' பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அன்றைக்கே வேறு மாற்றி விடுங்கள்.