காரை மீட்டது யார்?

அமெரிக்காவில் ஏதோ ஒரு கொட்டிலுக்குள் முப்பது வருசம் கிடந்த பழைய மஸ்ராங் கார் கொள்கலனில் ஏறுது. மெல்பனிலோ லண்டனிலோ இறங்குது. முதல் காட்சியில் துருப்பிடித்த கதவு, அடுத்த காட்சியில் பளபளக்கிற சிவப்புப் பெயின்ற். கடைசியில் சொந்தக்காரர் சாவியைத் திருப்ப, எஞ்சின் உறுமும். கீழே எங்கட பெடியள் "அண்ணை, வேற லெவல்" எண்டு எழுதியிருப்பினம்.

இந்த வீடியோக்களை நாங்களும் விரும்பித்தான் பாக்கிறம். கார் ஆசை பிழையெண்டு உபதேசம் செய்ய வரவில்லை. எங்கட சண்டை ஒரேயொரு சொல்லோடு: "மீட்டெடுத்தேன்." காசு கட்டினவர் இந்தச் சொல்லைச் சொல்லுறார். துருவை வெட்டி ஒட்டினவரின்ர பெயர் வீடியோவில் இல்லை. ஐம்பது வருசத்துக்கு முன்னால் அந்தக் காரைப் பூட்டினவர்களைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. ஒரு வரலாற்றைக் காப்பாற்றுறம் எண்டு சொல்லிக்கொண்டே அந்த வரலாற்றின் ஆட்களை அழிக்கிற வேலை இது.

முதலில், மஸில் கார் எண்டால் என்ன? இண்டைக்கு அது பணக்காரரின் பொம்மை. பிறந்தபோது அப்பிடி இல்லை. நடுத்தர அளவுக் காருக்குள் பெரிய எஞ்சினைத் தூக்கி வைத்து, இளம் ஆக்கள் வாங்கக்கூடிய விலைக்கு விக்கிறதுதான் அதின்ர சூத்திரம். 1964 இல் பொன்ரியாக் ஜி.ரி.ஓ. அப்பிடித்தான் வந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 17 இல் வெளிவந்த மஸ்ராங்கின் ஆரம்ப விலை 2,368 டொலர். முதல் வருசத்திலேயே நாலு லட்சத்துக்கு மேல் விற்றது. 1968 இல் பிளைமவுத் றோட் றன்னர் தேவையில்லாத சொகுசையெல்லாம் கழற்றிப்போட்டு 3,000 டொலருக்குக் குறைவாக வந்தது. சம்பளம் எடுக்கத் தொடங்கின பெடியன் தவணைக்கு வாங்கக்கூடிய கார் இது. பிறகு காப்புறுதிக் கட்டணம் ஏறினது, புகைச் சட்டங்கள் இறுகினது, 1973 இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அந்தக் காலம் அதோடு முடிஞ்சுது.

அதைச் செய்தவர்கள் ஆர்? டெட்ரோயிற்றை ஒட்டின ஹம்ட்ராமிக்கில் டொட்ஜ் மெயின் எண்ட பெரிய தொழிற்சாலை இருந்தது. 1970 இன் டொட்ஜ் சலஞ்சர் அங்கே பூட்டப்பட்டது. அதற்கு இரண்டு வருசத்துக்கு முதல், 1968 மே மாதத்தில், பூட்டும் வரிசையின் வேகத்தைக் கூட்டினதுக்கு எதிராகத் தொழிலாளர் வேலையை நிறுத்திச்சினம். அந்தப் போராட்டத்தில் இருந்து பிறந்ததுதான் டொட்ஜ் புரட்சிகரத் தொழிற்சங்க இயக்கம். மிகக் கடினமான, மிக ஆபத்தான வேலைகளில் தள்ளப்பட்டிருந்த கறுப்பினத் தொழிலாளர்கள் கட்டின இயக்கம் அது. நிர்வாகத்தை மட்டுமல்ல, தங்களைக் கவனிக்காத பெரிய தொழிற்சங்கத்தையும் அவர்கள் கேள்வி கேட்டார்கள். அதற்கு முந்தின வருசம், 1967 ஜூலையில், டெட்ரோயிற் நகரமே எரிந்து 43 பேர் செத்திருந்தார்கள். டொட்ஜ் மெயின் 1980 இல் மூடப்பட்டது, பிறகு இடித்தார்கள்.

சலஞ்சரின் எஞ்சின் இலக்கம், பெயின்ற் குறியீடு, தொழிற்சாலைத் தகட்டின் எழுத்துகள் எல்லாம் இந்த அண்ணைமாருக்கு மனப்பாடம். அந்தத் தகட்டை அடிச்ச கைகள் என்ன கேட்டுப் போராடினது எண்டு கேட்டால் தெரியாது. தகட்டை வாசிக்கத் தெரிந்த அளவுக்குத் தொழிற்சாலையையும் வாசிக்கலாமே.

இனி அந்த "மீட்டெடுப்பு" எப்பிடி நடக்குது எண்டு பாப்பம். மஸ்ராங்குக்குத் தனியான சட்டகம் இல்லை, உடம்புதான் சட்டகம். முன்கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளெடுக்கிற பெட்டி துருப்பிடிச்சால் மழைத் தண்ணி நேரே கால் வைக்கிற தளத்துக்கு இறங்கும், தளமும் உக்கும். மேலே புட்டி பூசிப் பெயின்ற் அடிச்சால் படத்தில் ஒண்டும் தெரியாது. அதை நம்பிக் கடல் கடந்து வாங்கினவர் கொள்கலனைத் திறக்கிற நாளில்தான் காந்தம் ஒட்டாத இடங்களைக் கண்டுபிடிப்பார். பிறகு தளம் புதுசு, கதவு புதுசு, வால்பக்கம் புதுசு. 1967 மஸ்ராங்குக்கு முழு உடம்பையே புதுசாக அடிச்சு விக்கினம். கடைசியில் அமெரிக்காவில் இருந்து உண்மையாகவே வந்தது எவ்வளவு? ஒரு இலக்கத் தகடும் கொஞ்ச இரும்பும்.

அவுஸ்திரேலியாவுக்குப் போகிற கார் எண்டால் இன்னொரு கதை. அங்கே கல்நார், நாங்கள் அஸ்பெஸ்டஸ் எண்டு சொல்லுறது, 2003 டிசம்பர் 31 இல் இருந்து முழுத்தடை. பழைய காரின் பிறேக், கிளச், காஸ்கெற் எல்லாவற்றிலும் அது இருக்கக்கூடும். இல்லை எண்டு இறக்குமதி செய்பவர்தான் நிரூபிக்க வேணும். அந்தச் சட்டம் சும்மா தொல்லைக்கு வந்ததில்லை. பிறேக்கைக் கழற்றி ஊதித் துடைச்ச மெக்கானிக்கின் நெஞ்சுக்குள்தான் அந்தத் தூசி போகும். வீடியோவில் "எல்லையில மறிச்சுப்போட்டாங்கள்" எண்டு புலம்புற சொந்தக்காரருக்கு மறியல் தெரியுது, மெக்கானிக் தெரியவில்லை.

இதற்குப் பதில் சொல்லுற ஒரு கார் இருக்கு. "புலிற்" படத்தில் ஸ்டீவ் மக்குவீன் ஓட்டின 1968 மஸ்ராங்கை, 1974 இல் ஒரு குடும்பம் 6,000 டொலருக்கு வாங்கினது. வீட்டுக்காரி அதில் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போய்வந்தா. 1977 இல் மக்குவீனே திருப்பிக் கேட்டும் குடுக்கவில்லை. 2020 ஜனவரியில் அது ஏலத்தில் 37 லட்சம் டொலருக்கு மேல் போனது. புதுப் பெயின்ற் அடிக்காமல், கீறலும் துருவுமாக அப்பிடியே போனது. பாவிச்ச தடத்தை ஒருவரும் தேய்க்காததும் அந்த விலைக்கு ஒரு காரணம். விலையைச் சந்தை போடட்டும். எங்களுக்கு முக்கியம், பாவிச்ச கையின் அடையாளமும் வரலாறுதான் எண்டதை அந்தச் சந்தையே ஒத்துக்கொண்டது.

"அவையின்ர சொந்தக் காசு, உங்களுக்கு ஏன் எரியுது?" எண்டு கேப்பினம். ஐம்பது வருசப் பழைய கார் எங்கட நாட்டுச் சட்டப்படி சாதாரண ஆளுக்கு இறக்க முடியாது. 2020 இல் இருந்து 2025 தொடக்கம் வரை புதுக் காரே வரவில்லை. ஆனபடியால் எரிச்சல் எண்டு சொல்லுறது சுகம். ஆனால் நாங்கள் இதை எழுதுறதுக்குக் காரணம் வேற. பழைய காரைச் சாகவிடாமல் வைச்சிருந்த ஒரு ஊரின் பிள்ளைகள் நாங்கள்.

1990 இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், கேம்பிறிட்ஜ் கார்கள் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடினது. கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. அந்தப் பழைய பிரித்தானிய எஞ்சின்களின் அழுத்த விகிதம் 7:1 அளவில் இருந்ததால் அது தாங்கினது. 10:1 தாண்டின மஸில் கார் எஞ்சினுக்கு அதே மண்ணெண்ணெயை ஊத்தினால் இடிச்சு இடிச்சே உடைஞ்சுபோகும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும் எண்டும், ஒயிலை எப்ப மாத்த வேணும் எண்டும் எங்கட மெக்கானிக்மாருக்குத் தெரிந்திருந்தது. புத்தகம் பாத்துச் செய்யேல்லை. இல்லாத பாகத்தை லேத்தில் கடைஞ்சு போட்டார்கள். நோயாளியும் கர்ப்பிணியும் அந்தக் கார்களில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அதற்கு ஒருத்தரும் "மீட்டெடுப்பு" எண்டு பெயர் வைக்கேல்லை. "கராஜ் வேலை" எண்டுதான் சொன்னோம். படிப்பு ஏறாத பெடியனைத்தான் கராஜுக்கு விடுறது எண்டும் சொன்னோம், இண்டைக்கும் சொல்லுறம். அதே வேலையைக் கடலுக்கு அங்கால வெளிச்சம் போட்டு, இசை போட்டுக் காட்டினால் கலை எண்டு கைதட்டுறம். அதிலும் கைதட்டு செய்தவருக்குப் போவதில்லை.

அதனால் நாங்கள் கேட்கிறது இதுதான். வெளிநாட்டில் இருந்து பழைய கார் எடுப்பிச்சுத் திருத்துற அண்ணை, அக்காமார், தாராளமாகச் செய்யுங்கோ. வீடியோவில் வெல்டிங் செய்தவரின் பெயரைப் போடுங்கோ, எத்தனை மணித்தியாலம் செய்தார், என்ன கூலி எண்டும் சொல்லுங்கோ. தளம் புதுசெண்டால் புதுசு எண்டே சொல்லுங்கோ. திருத்தி முடிச்சதைப் போர்வைக்குள் மூடி விலையேறும் வரை வைச்சிருக்காமல் ரோட்டில் ஓடுங்கோ. அது ஓடத்தான் செய்தது.

இஞ்ச இருக்கிற எங்களுக்கும் வேலை இருக்கு. மண்ணெண்ணெய்க் காலத்து மெக்கானிக்மார் இண்டைக்கு வயது போனவர்கள். எந்தக் காபரேற்றரின் எந்தத் துவாரத்தை எவ்வளவு மாத்தினார்கள் எண்டது அவர்களின் கையில் மட்டும்தான் இருக்கு; ஒரு கொப்பியிலும் இல்லை. அடுத்த முறை மஸ்ராங் வீடியோவுக்கு நெருப்புப் படம் போடுறதுக்கு முதல், உங்கட ஊர் கராஜுக்கு ஒரு கொப்பியோடு போங்கோ. கேட்டு எழுதுங்கோ, படம் எடுங்கோ, பெயரைப் போடுங்கோ. எங்களுக்கு அனுப்பினால் நாங்கள் போடுவம்.