கைக்குப் பெலன் இருக்கு, லீவர்தான் இறுகிக் கிடக்கு

கிளச் இறுகுது எண்டு கராஜுக்குப் போகிற ஒரு பெண் பிள்ளைக்கு எங்கள் ஊரில் கிடைக்கும் முதல் பதில் எங்களுக்கு மனப்பாடம்: "உங்கட கைக்குப் பெலன் காணாது தங்கச்சி." பொடியன் போனால் வசனம் கொஞ்சம் மாறும்: "ஓட ஓடப் பழகிடும் தம்பி." இரண்டும் வண்டியைத் தொடாமல் ஆளைப் பார்த்துச் சொல்கிற பதில்கள். அந்தப் பதிலோடு சண்டை பிடிக்கத்தான் இதை எழுதுகிறோம்.

திருகோணமலையில் ஓடுகிற சின்ன வண்டிகளில் பெரும்பாலும் கிளச் கேபிளில்தான் இழுபடுகிறது. கேபிள் துருப்பிடித்தால், இழை அறுந்தால் இறுகும். அது எல்லாருக்கும் தெரியும், மாத்தினால் சரி. ஆனால் பெரிய என்ஜின் வண்டிகள் சிலவற்றில் கிளச்சும் ஹைட்ரோலிக். எங்கட முன் டிஸ்க் பிரேக் வேலை செய்கிற அதே முறைதான். லீவரைப் பிடித்தால் மேலே உள்ள மாஸ்டர் சிலிண்டரின் சின்னப் பிஸ்டன் திரவத்தைத் தள்ளும். திரவம் குழாய் வழியாக இறங்கி, என்ஜினோடு பூட்டியிருக்கும் கீழ்ச் சிலிண்டரின் பெரிய பிஸ்டனைத் தள்ளும். அது ஒரு கம்பியைத் தள்ள, கிளச் பிளேட்டுகள் விலகும். மூடிய திரவத்தில் கொடுக்கிற அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் போகும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்னது இதைத்தான். ஓ.எல். விஞ்ஞானப் பாடத்தில் எல்லாரும் எழுதிப் பாஸ் பண்ணிய விசயம்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. சின்னப் பிஸ்டனின் பரப்பு, பெரிய பிஸ்டனின் பரப்பு, லீவரின் நீளம் மூன்றும் ஃபக்டரியில் முடிவானவை. அவை ஓட ஓட மாறாது. போன வருசம் இரண்டு விரலுக்கு வந்த லீவர் இந்த வருசம் நாலு விரலுக்கும் வரவில்லை என்றால் வண்டியில் ஏதோ ஒன்று மாறிவிட்டது. அதைத் தேடாமல் விரலைக் குறை சொல்வது சோம்பேறித்தனம்.

எங்கள் கூட்டத்தில் ஒருத்தி சீனக்குடாப் பக்கம் வேலைக்குப் போய் வருகிறாள். ஓடுவது தகப்பன் ஓடின பழைய பெரிய வண்டி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிற்பாட்டினார்கள், 2025இல்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருசத்தில் எத்தனையோ வீடுகளில் பழைய வண்டிதான் அடுத்த தலைமுறைக்கு வந்தது. அவளுடைய கிளச் இறுகியது. ஒரு இடத்தில் கிளச் பிளேட் மாத்தினார்கள். இறுக்கம் போகவில்லை. இன்னொரு இடத்தில் "காத்து நிக்குது" என்று காற்று எடுத்தார்கள். போகவில்லை. கடைசியில் அந்தப் பிரபலமான வசனம் வந்தது, கைக்குப் பெலன் காணாது. அவள் இரண்டு மாதம் பஸ்ஸில் போனாள். பிறகு ஒருவர் கீழ்ச் சிலிண்டரைக் கழற்றினார். பிஸ்டனைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக அலுமினியம் பூத்துக் கிடந்தது. சுத்தம் செய்து, சீல் மாத்தி, புதுத் திரவம் விட்டதும் லீவர் பழையபடி வந்தது. அவளுடைய கை அதே கைதான்.

முதல் இரண்டு வைத்தியமும் ஏன் பிழை? தேய்ந்த கிளச் பிளேட் வழுக்கும். என்ஜின் கத்தும், வண்டி ஓடாது. ஆனால் லீவரை இறுக்காது. குழாயில் காற்று நின்றால் லீவர் பஞ்சு மாதிரி மெத்தென்று போகும், கியர் விழக் கஷ்டப்படும். காற்று அமுங்கும் பொருள், அது லீவரை இறுக்க வழியே இல்லை. அப்ப இறுகின லீவருக்குப் பிளேட் மாத்துவதும் காற்று எடுப்பதும் என்ன? வயிற்று வலிக்குக் கண்ணாடி எழுதிக் கொடுக்கிற கதை.

இறுக்கம் வரக்கூடிய இடங்கள் கைவிரலில் எண்ணக்கூடியவை. லீவர் சுழலும் போல்ட் காய்ந்திருக்கலாம், அல்லது விழுந்து லீவர் வளைந்திருக்கலாம். மாஸ்டர் சிலிண்டருக்குள் அழுக்கு கட்டியிருக்கலாம். திரவம் திரும்பிவருகிற ஊசிமுனை ஓட்டை அடைபட்டிருக்கலாம். ரப்பர் சீல் ஊதியிருக்கலாம். குழாய் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம். கீழ்ப் பிஸ்டன் சிக்கியிருக்கலாம். எல்லாம் தாண்டி என்ஜினுக்குள் தள்ளுகம்பியோ ஸ்பிரிங்கோ காரணமாக இருக்கலாம்.

பிரித்துப் பார்க்கப் பத்து நிமிசம் போதும். முதலில் லீவர் போல்ட்டைக் கழற்றித் துடைத்துக் கிரீஸ் வைத்துப் பார்க்க வேண்டும். காசே செலவில்லாத வேலை அதுதான். அதுக்கும் சரிவரவில்லை என்றால் கீழ்ச் சிலிண்டரில் காற்று எடுக்கிற நிப்பிளில் ஒரு ரியூப்பை மாட்டி, மறுமுனையைப் போத்தலுக்குள் விட்டு, நிப்பிளைத் திறந்து லீவரை மெதுவாகப் பிடிக்க வேண்டும். இப்போது திரவம் வெளியே போகிறது, தள்ளுவதற்குப் பாரம் இல்லை. அப்படியும் லீவர் இறுகினால் நோய் மேலே: லீவர், மாஸ்டர் சிலிண்டர், குழாய். லீவர் லேசாகிவிட்டால் நோய் கீழே: கீழ்ப் பிஸ்டன் அல்லது என்ஜின் பக்கம். லீவரை விட முதல் நிப்பிளைப் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் காற்று ஏறும். ஒரு ஸ்பனரும் ஒரு துண்டு ரியூப்பும் வண்டியைப் பாதியாகப் பிரித்துக் காட்டும். இதைச் செய்யாமல் பிளேட் பெட்டியை உடைக்கிற கை எங்களுக்கு வேண்டாம்.

திரவத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "பிரேக் ஒயில்" என்று கேட்டு வாங்குகிறோம், பெயர்தான் ஒயில். டொட் 3, டொட் 4, டொட் 5.1 மூன்றும் கிளைக்கோல் வகை. அவை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புது டொட் 4 குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் பிடித்த பிறகு அதற்கு உள்ள எல்லை 155. உள்ளே சேருகிற ஈரம்தான் சிலிண்டரை அரிக்கிறது. மூன்று பக்கமும் கடல் உள்ள ஊரில், மூடி திறந்த போத்தலை மாதக்கணக்கில் தட்டில் வைத்து ஊற்றினால் திரவத்தோடு துருவையும் சேர்த்துத்தான் ஊற்றுகிறீர்கள். இரண்டு வருசத்துக்கு ஒருமுறை மாத்தச் சொல்வது கம்பனிக்காரரின் வியாபாரத் தந்திரம் என்று நினைக்கிறவர்கள் கிளச் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கோ. தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் பதில் கிடைத்துவிட்டது.

"நம்பர் கூடினால் நல்ல சாமான்" என்பதும் பொய். டொட் 5 சிலிக்கோன் வகை, டொட் 4உடன் கலக்கவே கூடாது. என்ஜின் ஒயிலை ஊற்றினால் ரப்பர் சீல் ஊதிச் சிக்கும். மறுபக்கம், சில ஐரோப்பிய வண்டிகளின் கிளச்சுக்கு மினரல் ஒயில்தான், அதில் டொட் 4 விட்டால் சீல் கெடும். எதை விடுவது என்று தொட்டி மூடியிலேயே எழுதியிருக்கும். ஆங்கிலத்தில். இந்த ஊரில் 99 எண்ணெய்க் குதங்கள் யாருக்கு என்று தேத்தண்ணிக் கடையில் மணிக்கணக்காக வாதாட ஆள் இருக்கு. 2022 ஜனவரி ஒப்பந்தத்தில் யாருக்கு எத்தனை குதம் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். தன்ர லீவருக்குள் நிற்கிற ஐம்பது மில்லிலீற்றர் என்ன சாமான் என்று கேட்டால் வாய் திறக்காது.

"படிக்கிற பிள்ளையள் பாஸ்மாருக்குப் பாடம் எடுக்க வந்திட்டினம்" என்று சொல்வார்கள் என்பது தெரியும். பாஸ்மாரை நாங்கள் மதிக்கிறோம். புது வண்டி வராத அந்த ஐந்து வருசமும் இந்த ஊரை ஓட வைத்தது அவர்கள்தான். அந்தக் கீழ்ச் சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தவரும் ஒரு பாஸ்தான். பிரச்சினை காசு வருகிற வழியில் இருக்கிறது. சாமான் மாத்தினால் காசு. ஒரு மணித்தியாலம் குந்தியிருந்து பிழையைக் கண்டுபிடித்து, ஒரு போல்ட்டுக்குக் கிரீஸ் வைத்து அனுப்பினால், "இதுக்குமா காசு?" என்று சனம் கேட்கும். அப்ப ஏன் அவர் தேடப்போகிறார்? பிளேட் மாத்துவதுதான் அவருக்கு லாபம்.

கொட்பே துறைமுகத்தில் போய்ப் பாருங்கோ. படகு எஞ்சின் இழுபடவில்லை என்றால் யாரும் மீனவரின் தோளைப் பழிப்பதில்லை. பிளக்கைப் பார்ப்பார்கள், பெற்றோலைப் பார்ப்பார்கள். கடலுக்குப் போய்வந்த எஞ்சினுக்கு நல்ல தண்ணி ஓடவிட்டுக் கழுவுவார்கள். உப்பு என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும். அதே உப்புக் காற்றுத்தான் உட்துறைமுக வீதியிலும் அடிக்கிறது. படகு எஞ்சினுக்குக் கொடுக்கிற நியாயத்தை ஒரு பெண் பிள்ளையின் வண்டிக்கும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

இறுகின லீவர் சின்னப் பிரச்சினை இல்லை. சந்தியில் கை வலித்து லீவரைப் பாதியில் விடுகிறவர் முன்னால் நிற்கிற லொறிக்குள் போகலாம். அரைக் கிளச்சில் ஓடி ஓடி நல்ல பிளேட்டும் எரியும். அதைவிட, தனக்கு ஏலாது என்று நம்பி வண்டியை வீட்டில் நிற்பாட்டுகிறவள் வேலைக்குப் போகிற தூரமும் சுருங்கிவிடுகிறது.

ஆகவே எங்கள் கோரிக்கை மூன்று. பிழை கண்டுபிடிக்கத் தனிக் கூலி சொல்லுங்கோ, நாங்கள் தருகிறோம். கழற்றின பழைய சாமானைக் கையில் தாருங்கோ. திரவப் போத்தலை எங்கள் முன்னால் உடையுங்கோ. கையைப் பற்றி ஏதும் சொல்லத்தான் வேண்டும் என்றால், நிப்பிளைத் திறந்து லீவரைப் பிடித்துப் பார்த்த பிறகு சொல்லுங்கோ.