பணம் கொடுத்தும் பிழைக்காத கல்லூரி: சைபர் தாக்குதல் செய்தது என்ன?

அமெரிக்காவின் இல்லினாய்ஸில் 1865-ல் தொடங்கியது லிங்கன் கல்லூரி. 1912 தீ விபத்து, 1918 ஃப்ளூ, இரண்டு உலகப் போர்கள் என எல்லாத்தையும் தாண்டி நின்றது. 2022 மே மாதம் இழுத்து மூடிட்டாங்க.

கொரோனா ஏற்கெனவே கையைக் கடித்திருந்தது. அந்த நேரம் பார்த்து 2021 டிசம்பரில் ரேன்சம்வேர் தாக்குதல். ஒரு லட்சம் டாலருக்குள் பணம் கொடுத்தும், சிஸ்டம்கள் முழுசா மீண்டது மார்ச்சில்தான். அதுவரை அட்மிஷன், நிதி திரட்டல் எதுவும் நகரவில்லை. அடுத்த கல்வியாண்டுக்கு எத்தனை பேர் சேருவாங்கன்னு நிர்வாகத்துக்கே புரியவில்லை. கணக்கு கைக்கு வந்தபோது பெரிய பள்ளம். இத்தனைக்கும், யாருடைய தனிப்பட்ட தகவலும் கசியவில்லை என்றது கல்லூரி. வேலை முடங்கியதே போதுமானதாக இருந்தது!

நம்ம ஊர் கல்லூரிகளிலும் ஃபீஸ், மார்க், அட்டெண்டன்ஸ் எல்லாம் இப்போ போர்ட்டலில்தான். பல இடங்களில் இன்னமும் பிறந்த தேதிதான் பாஸ்வேர்டு. ஐ.டி. ஊழியரைத் தேடுவது புரொஜெக்டர் வேலை செய்யாதபோதுதான்.

என்னைக் கேட்டால், ஸ்மார்ட் கிளாஸ் ஸ்கிரீன் ரெண்டு குறைஞ்சாலும் பரவாயில்லை. நெட்வொர்க்கில் இணைக்காமல் தனியாக ஒரு பேக்கப் வேண்டும். ‘பேக்கப் இருக்கு சார்’ என்ற பதிலை நம்பிவிடக் கூடாது. செமஸ்டருக்கு ஒருமுறையாவது அதிலிருந்து டேட்டாவை மீட்டுக் காட்டச் சொல்லணும்.

சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்கு நிறுவனங்கள் தகவல் தரணும்னு 2022-லேயே உத்தரவு வந்தாச்சு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சர்வர் முடங்கினால் அந்தத் தகவலை அனுப்பப்போவது யார்? எத்தனை முதல்வர்களால் ஒரு பெயரைச் சொல்ல முடியும்?