சட்டையிற் பொறித்த சைக்கிள் ஓடுமா?

விருப்பத்தைத் தொழிலாக்குக என்பது இன்றைய இளைஞர்க்கு எங்கும் இலவசமாக வழங்கப்படும் அறிவுரை. சுயதொழிற் பயிற்சி வகுப்புகளில் அது மந்திரம்போல் ஓதப்படுகிறது. துவிச்சக்கரவண்டியில் மோகமுடையவன் அதன் பெயரால் ஓர் ஆடை முத்திரையைத் தொடங்கலாம். ரீசேட்டில் வண்டியின் படத்தையும் பக்கத்தில் ஒரு பனையையும் அச்சிட்டால் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள உறவினர் வாங்குவர் என்பது கணக்கு. அளவெட்டியில் ஓர் இளைஞன் இவ்வாறு புறப்படுவதாகக் கொள்க. ஒரு சாரார் நகைப்பர், மறுசாரார் கைதட்டுவர். இரு சாராரும் அவனுக்குத் தீங்கே செய்கின்றனர்.

நகைப்போரை நீண்டு மறுக்கவேண்டியதில்லை. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்ற பழமொழியை ஈன்ற சமூகம், பட்டம் பெற்ற பிள்ளை துணி வெட்டுவதை எளிதிற் பொறுக்காது. அந்தக் கோறணமேந்தின் வாசலில், யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன்னால், 2017இல் பட்டதாரிகள் மாதக்கணக்கில் வேலை கேட்டுக் குந்தியிருந்தனர். பழமொழி அவர்களுக்கு ஒரு கோழியையும் கொடுக்கவில்லை.

ஆபத்துக் கைதட்டுவோரிடமே உள்ளது. அவர்கள் மேலைநாட்டு உதாரணங்களோடு வருவர். அவற்றுட் சிறந்தது போல் சிமித்தின் கதை. இங்கிலாந்தின் நொட்டிங்காமைச் சேர்ந்த அவர் 15 வயதிற் பாடசாலையை விட்டு உடுபுடைவைக் களஞ்சியமொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். துவிச்சக்கரவண்டிப் பந்தய வீரராவதே அவரது கனவு. 17 வயதில் நேர்ந்த விபத்து அவரை மாதக்கணக்கில் வைத்தியசாலையிற் கிடத்தியது, கனவு முறிந்தது. 1970இல் அந்நகரில் மிகச் சிறிய கடையொன்றைத் திறந்தார். இன்று அவர் பெயரில் உலகெங்கும் ஆடைகள் விற்பனையாகின்றன. 2013இல் இத்தாலியச் சுற்றுப்போட்டியின் இளஞ்சிவப்புச் சட்டையை வடிவமைத்தவரும் அவரே.

கதை இனிது. ஆயின் விபத்துக்கும் கடைக்கும் இடைப்பட்ட ஆண்டுகளைக் கைதட்டுவோர் சொல்வதில்லை. அவர் மாலை வகுப்பிலே தையல் பயின்றார். இலண்டன் அரச கலைக் கல்லூரியில் ஆடைக்கலை கற்ற போலின் டெனியர், பின்னர் அவரின் மனைவியானவர், துணியின் வெட்டையும் தையலையும் அவருக்குக் கற்பித்தார். மோகத்தோடு நின்றிருந்தால் அவர் பழைய பந்தயக் கதை பேசும் ஒருவராக நொட்டிங்காமிலே முடிந்திருப்பார்.

அதே நொட்டிங்காமிலேதான் றலி வண்டியும் பிறந்தது. எண்ணெய் பூசித் துடைத்து, மழைக்கு ஒதுக்கி, தகப்பன் மகனுக்குக் கையளித்த றலிகளை யாழ்ப்பாணம் நன்கறியும். நொட்டிங்காமில் அதன் உற்பத்தி 2002உடன் நின்றுபோயிற்று. பெயர் மட்டும் இன்றும் விலைப்படுகிறது. 2004இல் இலண்டனிலே தொடங்கிய ராபா என்ற ஓட்டுநர் ஆடை முத்திரையோ, 1960களின் பிரெஞ்சுப் பந்தயக் குழுவொன்றின் பெயரைத் தழுவிக்கொண்டது. 2017இல் வோல்மார்ட் நிறுவியவரின் பேரர் இருவர் அதனை ஏறத்தாழ 20 கோடி பவுணுக்கு வாங்கினர்; பின்வந்த ஆண்டுகளில் நட்டக் கணக்கே மிஞ்சியது. கைதட்டுவோர் விற்பனைத் தொகையோடு நிறுத்திக்கொள்வர்.

வண்டிக்கும் ஆடைக்கும் உள்ள உறவு தேவையிற் பிறந்தது. முன்குனிந்து ஓடுபவனுக்கு மார்புப் பை உதவாது; ஆகவே பந்தயச் சட்டையிற் பை முதுகுக்குச் சென்றது. குனிகையில் இடுப்பு வெளித்தெரியாதபடி பின்புறம் நீண்டது. 1890களில் மேலைநாட்டுப் பெண்கள் வண்டியேறியபோது நிலத்தைக் கூட்டிய பாவாடை இரண்டாய்ப் பிளந்து காற்சட்டையாயிற்று. பாதிரிமாரும் பத்திரிகைகளும் கூக்குரலிட்டும் அது திரும்பவில்லை. (1919இல் வந்த புகழ்பெற்ற மஞ்சட் சட்டையின் நிறம் மட்டும், போட்டியை நடத்திய பத்திரிகையின் மஞ்சட் தாளிலிருந்து வந்த விளம்பரம் என்பர்.)

இனி அளவெட்டிக்கு வருவோர் எதைக் காண்பர்? சாரத்தை மடித்துக்கட்டி, கரியரில் மரக்கறி மூட்டையோடு சுன்னாகம் சந்தைக்கு மிதிக்கும் கமக்காரரைக் காண்பர். சட்டை விளிம்பு சில்லில் அகப்படாதபடி ஒரு கையாற் பிடித்துக்கொண்டு ஓடும் மாணவியைக் காண்பர். சங்கிலி எண்ணெய் பட்டுக் கறுத்த வலக்காற் காற்சட்டைகளைக் காண்பர். யாழ்ப்பாணத்தின் உண்மையான ஆடை முத்திரை அந்தக் கறைதான் எனலாம். வியர்வை உறிஞ்சும் பருத்தி, உள்நோக்கி மடியும் காற்கரை, பின்னிறங்கிய சேட்டு, சில்லிற் சிக்காத பாவாடை: இவற்றை வெட்ட எவரும் முன்வரவில்லை. படம் அச்சிடுவது மலிவு.

அந்தப் படம் எதனை விற்கிறது என்பதும் நோக்கற்பாலது. 1990 முதல் 1995 வரை குடாநாட்டிலே பெற்றோல் தடைப்பட்டிருந்தது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் இருமின. துவிச்சக்கரவண்டியே நோயாளரை ஏற்றியது, விறகை ஏற்றியது. வண்டியை நிறுத்திச் சில்லைச் சுழற்றி, டைனமோவின் மின்னில் மக்கள் வானொலிச் செய்தி கேட்டனர். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் மழையிற் பெயர்ந்தபோது, மூட்டையும் முதியவரும் அதே கரியரிற் சென்றனர். அந்நினைவைத் திருப்பூரிலோ வங்காளதேசத்திலோ தைத்த பனியனில் ஒட்டிப் புலம்பெயர்ந்தோருக்கு விற்பதில், வண்டியை உருட்டியவர்க்கு ஒரு சதமும் சேராது. இதனை முயற்சி என்று போற்றுவோர் தரகையும் உழைப்பையும் ஒன்றாக எண்ணுகின்றனர்.

தைக்கத் தெரிந்த கைகள் வடக்கில் இல்லையெனக் கூறவும் இயலாது. 1978இற் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய காலமுதல் இலங்கை பிறருடைய பெயரையே தைத்துவருகிறது. போர் முடிந்த பின்னர் கிளிநொச்சிக்கும் ஆடைத் தொழிற்சாலை வந்தது. அங்குள்ள பெண்கள் உலகச் சந்தைக்குரிய நுண்தையலைக் கற்றுவிட்டனர். கழுத்துப் பட்டியிற் பொறிக்கும் பெயர் மட்டும் இன்னும் அவர்களுடையதன்று. இலாபத்தின் பெரும்பங்கு அந்தப் பெயருக்கே போகிறது.

பெயர் என்றால் என்ன என்பதை அளவெட்டிக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. நாதஸ்வரக் கலைஞர் என். கே. பத்மநாதனின் பெயருக்கு முன்னே ‘அளவெட்டி’ என்று சேர்த்த மாத்திரத்தில் கேட்போர் நிமிர்ந்திருந்தனர். 1975இல் மறைந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் புகழும் இவ்வூரோடு பிணைந்தது. அவ்வூர்ப்பெயரின் பின்னால் விடியற்காலைச் சாதகம் இருந்தது. மில்க்வைற் சவர்க்காரமும் யாழ்ப்பாணத்துப் பெயரே. அதன் அதிபர் க. கனகராசா பனையைப் படமாக விற்கவில்லை, விதையாக ஊரூராய்க் கொடுத்து நடுவித்தார்.

அளவெட்டி இளைஞன் தன் முத்திரைக்கு ஊர்ப்பெயரை இடுவதாயின் இடுக. அதற்குமுன் ஒரு தையற்காரரிடம் ஓராண்டு இருந்து வெட்டுப் பழகட்டும். தைப்பவளுக்கு விற்பனையில் எத்தனை வீதம் என்பதை எழுத்தில் வைக்கட்டும். முதற் சேட்டைச் சுன்னாகம் சந்தைக்கு மூட்டை கட்டிப் போகும் கமக்காரரின் முதுகை, அவர் வண்டியிற் குனிந்திருக்கையில், அளந்து வெட்டட்டும். ஆறு மாதம் அவர் அதை உடுத்தி மிதித்த பின் தையல் எங்கே பிரிந்தது என்று கேட்டுவரட்டும். படம் அச்சிடும் ஆலோசனையை அதுவரை ஒத்திவைக்கலாம்.